சோழிக்குப்பத்தின் முப்பத்தோரு கிராம்

நம் நாட்டு ஜனங்கள் ஒரு வருஷத்தில் எத்தனை கிலோ பொருளை வாங்கி உள்ளே தள்ளுகிறார்கள், எத்தனை கிலோவைக் குப்பையாக வெளியே தள்ளுகிறார்கள் என்று தெரிந்தே ஆகவேண்டும் என டெல்லியில் யாருக்கோ தோன்றிவிட்டது. தோன்றினால் சும்மா இருக்க முடியுமா? நாட்டைத் தூக்கித் தராசில் வைக்க முடியாது என்பதால், பேட்டைக்குப் பத்து வீடு பிடித்து, அந்தப் பத்து வீட்டுக் குப்பையை ஏழு நாள் நிறுத்து, வருகிற எண்ணை ஜனத்தொகையால் பெருக்கிவிடுவது என்று ஏற்பாடு. அப்படிப் பிடித்ததில் ஒன்று, சோழிக்குப்பத்து அஞ்சலாட்சியின் வீடு. அவள் வீட்டு வெங்காயத் தோல் ஒவ்வொன்றும் நாலாயிரம் வீட்டு வெங்காயத் தோலுக்குச் சமம் என்று வந்தவர்கள் விளக்கினார்கள். கேட்டு அவளுக்குப் பெருமையாக இருந்ததே தவிர, பயமாக இல்லை. பயப்பட்டிருக்க வேண்டும்.

அஞ்சலாட்சி மீன் விற்கிறவள். விடியற்காலை கரைக்கு வருகிற மீனை ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போவாள். கிளமான் வீதியில் இருபது வருஷமாக அவளுக்கு வாடிக்கை. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்திலிருந்து அந்த நாட்டுக் குடியுரிமையை விடாமல் வைத்திருக்கிற நம்மூர்க்காரர்கள் வீதி அது. வஞ்சிரத்தைத் தொட்டுப் பார்த்து முகம் சுளிப்பார்கள், பிறகு வாங்கிவிடுவார்கள். வாய் நீளம், கை சுத்தம் என்று அவளுக்கு அங்கே பேர்.

அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு கவலை. ஒரே மகள் சுடர்விழியை லாஸ்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தாள். மகளுக்கு இப்போது நாலு மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்து, தலைச்சன் பிரசவத்தைத் தன் கையால் பார்க்க வேண்டும் என்று அஞ்சலாட்சி தவித்துக்கொண்டிருந்தாள். அதில்தான் சம்பந்தி பாலகுரு குறுக்கே கட்டையைப் போட்டார்.

பாலகுருவின் அப்பா வலை இழுத்தவர். பாலகுரு ஃபைல் இழுக்கிறவர். அரசாங்க குவார்ட்டர்ஸில் குடி வந்த நாளிலிருந்து அவருக்கு மீன் வாடையே ஆகாது, மீன் குழம்பு மட்டும் ஆகும். வட்ட முத்திரை இல்லாத எதையும் நம்பமாட்டார். கடலில் அலை அடிக்கிறது என்று சொன்னால்கூட உத்தரவு நகலைக் கேட்பார்.

"இத பாரு தங்கச்சி, பொண்ண தாய்வீட்டுக்கு அனுப்பறது மொறதான், நான் இல்லன்னு சொல்லல" என்றார். "ஆனா உங்க வீட்டுச் சொவத்த ஒட்டி அவ்ளோ பெரிய குப்பமேடு. ஈயும் கொசுவும் மொய்க்கற எடத்துல எம் பேரப்புள்ள பொறக்க வேணாம். மேட்ட எடுக்கச் சொல்லு, அன்னைக்கே அனுப்பறேன். இல்லன்னா பிரசவம் இங்கதான்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் அஞ்சலாட்சிக்கு எரிச்சல். மேடு இருந்தது. நாலு நாளைக்கு ஒரு தரம் வருகிற குப்பை வண்டி, மேட்டின் தலையில் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு போகும். மறுநாளே அது பழையபடி வளர்ந்துவிடும். தினம் வண்டி விடச் சொல்லி மூன்று மனு கொடுத்தாகிவிட்டது. மூன்றுக்கும் ரசீது வந்தது, வண்டி வரவில்லை. தலைச்சன் பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டி வராத தாயைப் பார்த்து ஊர்ப் பெண்கள் என்ன கேட்பார்கள் என்று ஏலத்தில் நிற்கும்போதும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நேரத்தில்தான் பாலாஜி வந்து சேர்ந்தான். எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, அளவீட்டுத் திட்டத்தில் கான்ட்ராக்டில் இருக்கிறவன். தோளில் கொக்கித் தராசு, கையில் டேப்லெட், முகத்தில் மாஸ்க். பச்சைப் பை ஒன்று, நீலப் பை ஒன்று கொடுத்தான். ஈரக் குப்பை பச்சையில், காய்ந்த குப்பை நீலத்தில். தினம் காலை ஆறரைக்கு வந்து நிறுத்துக்கொள்வானாம். அதற்கு முன்னால் பதினொரு பக்கக் கேள்வி.

"போன வாரம் இயற்கைலேருந்து எத்தன கிலோ எடுத்தீங்கக்கா?"

"என்னாது?"

"மீனுக்கா. கடல்லேருந்து எடுத்தா, அது நாட்டுக்குள்ள வர்ற பொருள்னு கணக்கு."

கடலுக்குப் போய்விட்டு வந்து படுத்திருந்த அவள் புருஷன் ஒரு கண்ணைத் திறந்தான். "வலைல தொட்டா அரிக்கற சொறிமீனு வந்துச்சே, அதுவும் நாட்டுக்குள்ள வந்த பொருளா?" என்று கேட்டான். பாலாஜி டேப்லெட்டில் வெகுநேரம் தேடினான். சொறிமீன் பட்டியலில் இல்லை. 'மற்றவை' என்று போட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனான்.

"இதெல்லாம் எதுக்குப்பா?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"எந்த ஏரியால எவ்ளோ குப்ப வருதோ, அதுக்குத் தக்கன வண்டி பிரிச்சுக் குடுப்பாங்கக்கா. அதிகமா வந்தா தெனம் வண்டி."

அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. இருபது கிலோ போட்டுக் காட்டுகிறேன் பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்கூட நிலைக்கவில்லை.

எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு அந்தப் படிவத்தின் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். "நு-கர்-வு. அப்டின்னா என்னாடி?"

"வாங்கறது, திங்கறது எல்லாந்தான்."

"அப்ப போச்சு போ! எவ்ளோ திங்கறாங்கன்னு பாத்துட்டு செவப்பு கார்ட புடுங்கிட்டு மஞ்ச கார்டு குடுக்கப் போறானுங்க. குப்பய நிறுத்துப் பாக்கறானே, எதுக்கு? நாம வசதியா கீறோம்னு கண்டுபுடிக்கத்தான்!"

இருட்டுவதற்குள் ஊர்ப் பஞ்சாயத்து கூடிவிட்டது. ஏழைகளுக்குச் சிவப்பு, வசதிக்காரர்களுக்கு மஞ்சள் என்பதால், சிவப்பு ரேஷன் கார்டு என்றால் சோழிக்குப்பத்தில் உயிர். பஞ்சாயத்தார் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள்: பத்து வீட்டுக்காரர்களும் பையில் ஒன்றும் போடக்கூடாது. மீறினால் ஊர்க்கட்டு, அந்த வீட்டோடு யாரும் பேசக்கூடாது, பழகக்கூடாது.

"அப்ப வண்டி?" என்று அஞ்சலாட்சி ஒருத்திதான் எழுந்து கேட்டாள்.

"வண்டி வரும்மா. அம்மாம்பெரிய மேடு இருக்கு, அளக்க வர்றவன் குருடனா? அத பாத்துட்டு வண்டிய அனுப்புவான். வீட்டுக் குப்பயக் காட்டினாதான் கார்டு போவும்."

நியாயமாகத்தான் பட்டது. கார்டும் தங்கும், வண்டியும் வரும். அளக்க வருகிறவன் கண்ணால் பார்ப்பான் என்று அந்த ஊர் மொத்தமும் நம்பியது. நானூறு வீட்டில் ஒருத்தருக்குக்கூட அதில் சந்தேகம் வரவில்லை, அஞ்சலாட்சிக்கும் வரவில்லை.

சரி, போடாத குப்பையை எங்கே போடுவது? பாலாஜி தன் வண்டியை நிறுத்துவதே மேட்டுக்குப் பக்கத்தில்தான். மேட்டில் கொட்டப் போனால் கையும் களவுமாகப் பிடிப்பான். வீட்டுக்குள் வைத்தால் நாறும். இந்தச் சிக்கலோடு மறுநாள் அஞ்சலாட்சி கிளமான் வீதிக்கு மீன் கொண்டுபோனால், அங்கே வேறு கதை நடந்துகொண்டிருந்தது.

அந்த வீதியிலும் பத்து வீடு பிடித்திருந்தார்கள். அதில் ஒன்று மதாம் மிரேயின் வீடு. எழுபத்தெட்டு வயது, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த புருஷன் காலமாகிப் பன்னிரண்டு வருஷம், பிள்ளைகள் இருவரும் பிரான்சில். பெரிய வீட்டில் தனியாக ஒரு முட்டையை வேகவைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறவள். அன்றைக்குக் கதவைத் திறந்தவள் மீனைப் பார்க்கவேயில்லை.

"தொண்ணூறு கிராம், அஞ்சலா! எங்கிட்ட தொண்ணூறு கிராம்தான் இருந்துச்சு. பக்கத்து வீட்டு ஒகுஸ்த் ரெண்டு கிலோ நானூறு போட்டிருக்கார்."

"கொறஞ்சா நல்லதுதான மதாம்? சுத்தமா இருக்காங்கன்னு எழுதுவாங்க."

"சுத்தமா இருக்கேன்னு எழுத மாட்டான். நான் இல்லவே இல்லன்னு எழுதுவான்!"

பிறகுதான் விஷயம் விளங்கியது. பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதற்கு வருஷா வருஷம் அத்தாட்சி அனுப்பவேண்டும். வீதியில் எல்லாம் தெரிந்தவரான ஒகுஸ்த் முசே, இந்தத் தடவை ஆள் இருக்கிறாரா இல்லையா என்று குப்பையை வைத்துத்தான் சோதிக்கிறார்கள், அளவு நேராக பாரீசுக்குப் போகிறது என்று அடித்துச் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் அந்த வீதியில் மறுபேச்சு இல்லை. குப்பை போடாதவர் செத்தவர் என்று வீதியே முடிவு கட்டிவிட்டது.

"மொந்தியே, கடவுளே, நான் என்ன பண்ணுவேன்? ஒருத்தி எவ்வளவு குப்பை போட முடியும்?" என்று மதாம் கண்கலங்கினாள்.

அஞ்சலாட்சி கூடையை இறக்கி வைத்தாள். "மதாம், உங்களுக்குக் குப்பதான வேணும்?" என்று கேட்டாள்.

மறுநாளிலிருந்து அது ஒரு தனிச் சேவையாகவே நடந்தது. பத்து வீட்டுக் குப்பையையும் விடிவதற்குள் வாரிச் சாக்கில் கட்டி, ஒரு கையில் மீன் கூடை, ஒரு கையில் சாக்கோடு அஞ்சலாட்சி ஆட்டோ ஏறினாள். ஆட்டோக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு திட்டினான். மீனும்மா நாறும், பேசாம ஓட்டு என்று அவனை அடக்கினாள். மதாம் மிரேய் கையுறை மாட்டிக்கொண்டு பின்வாசலில் காத்திருப்பாள். வெங்காயத் தோல், மீன் செதில், ஷாம்பு பாக்கெட், பிய்ந்த செருப்பு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பச்சைக்கும் நீலத்துக்கும் பிரித்துப் போடுவாள். பார்க்கிறவர்கள் நகை வாங்குகிறாள் என்று நினைப்பார்கள்.

மூன்றாம் நாள் ஒகுஸ்த் முசே தம் வீட்டு ஜன்னலிலிருந்து மெல்லக் கூப்பிட்டார். மிரேய் மூன்று கிலோ போட்டு அவரை முந்திவிட்டாள் என்று அவருக்கு மனசு ஆறவில்லை. "எனக்கும் ரெண்டு கிலோ கொண்டாம்மா" என்றார். ஐந்தாம் நாள் வீதி முழுக்க ஆர்டர். வஞ்சிரம் வாங்கினால் குப்பை இலவசம் என்கிற அளவுக்கு வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. சோழிக்குப்பத்தில் பத்து வீடு போதாமல் பக்கத்து வீடுகளிலும் அவள் குப்பை கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

ஆறாம் நாள் அவள் மதாம் வீட்டு வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருக்கையில் பாலாஜி நீலப் பையைப் பிரித்தான். உள்ளேயிருந்து குழந்தை டயப்பர் நாலு விழுந்தது.

"மதாம், இது...?"

"என் பேரன் வந்திருந்தான்" என்றாள் மதாம், அசராமல்.

"எத்தன வயசு?"

"இருபத்தாறு."

பாலாஜி டேப்லெட்டைப் பார்த்தான், மதாமைப் பார்த்தான், மீன் வெட்டுகிற அஞ்சலாட்சியைப் பார்த்தான். அவள் தலையை நிமிர்த்தவேயில்லை. அவன் எண்ணைத் தட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். குப்பை யாருடையது என்ற கேள்வி அந்தப் பதினொரு பக்கத்தில் எங்கும் இல்லை.

சோழிக்குப்பத்திலோ அவன் பையைப் பிரித்தால் இரண்டு தீக்குச்சியும் அரை எலுமிச்சம்பழத் தோலும் இருக்கும்.

"மீன் செதிலு எங்கக்கா?"

"பூனை."

"வெங்காயத் தோலு?"

"ஆடு."

"பால் கவரு?"

"கழுவி வச்சிக்குவோம்."

பாவம், படித்த பிள்ளை. முதல் சில நாள் அவனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தே விட்டது. ஏழு நாள் முடிந்து கூட்டிக் கழித்ததில், சோழிக்குப்பத்தில் தலைக்கு ஒரு நாளைக்கு முப்பத்தோரு கிராம் குப்பை. கிளமான் வீதியில் மூன்று கிலோ.

இரண்டு மாதம் கழித்து, குப்பத்தில் பந்தல் போட்டார்கள். திட்ட இயக்குநர் வெற்றிவேல் நேரில் வந்தார். நாற்பது அடி நீளத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர். அதை எங்கே கட்டுவது என்று தேடி, கடைசியில் குப்பைமேட்டுக்கு முன்னால் கம்பு நட்டுக் கட்டினார்கள். மேடு மறைந்து, அந்த இடத்தில் பச்சை மரமும் நீலக் கடலும் சிரிக்கிற குழந்தையும் வந்துவிட்டன.

வெற்றிவேல் மைக்கைப் பிடித்தார். சோழிக்குப்பத்தில் ஒரு ஆள் ஒரு நாளைக்கு இரண்டு கிலோ பொருளை நுகர்கிறார், வெளியே வருவது வெறும் முப்பத்தோரு கிராம், மீதி எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுச் சற்று நிறுத்தினார். கொஞ்சம் அறிவுள்ளவன் அந்த இடத்தில் உட்கார்ந்து யோசித்திருப்பான். அவர் யோசிக்கவில்லை. "சுழற்சிப் பொருளாதாரம்! நம்ம பாட்டன் பூட்டன் சொல்லிக் கொடுத்தது!" என்று முழங்கினார். கிளமான் வீதியில் ஒரு கிலோ உள்ளே போனால் மூன்று கிலோ வெளியே வருகிறதே, அது எப்படி? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஐரோப்பிய வாழ்க்கை முறையின் மிச்சசொச்சமாம். ஜனங்கள் கைதட்டினார்கள், பஞ்சாயத்தார் சால்வையில் மினுமினுத்தார்கள். 'கழிவற்ற குப்பம்' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ், பத்து வீடுகளிலும் ஆகக் குறைவாகக் குப்பை காட்டிய அஞ்சலாட்சியின் கைக்கு வந்தது.

அவள் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். "சார், வண்டி எப்ப சார் வரும்?" என்று கேட்டாள்.

"எந்த வண்டிம்மா?"

"குப்ப வண்டி சார். தெனம் வரும்னு சொன்னாங்க."

வெற்றிவேல் சிரித்தார். "குப்பையே இல்லாத ஊருக்கு வண்டி எதுக்கும்மா? இங்க வந்துக்கிட்டிருந்த வண்டிய கிளமான் வீதிக்குக் குடுத்துட்டோம். அங்கதான் தாங்க முடியல."

அஞ்சலாட்சிக்கு மகளின் முகம் கண்ணுக்குள் வந்துபோனது. ஊராவது கார்டாவது என்று எல்லாவற்றையும் உதறிவிட்டு மைக் எட்டுகிற தூரத்திலேயே போட்டு உடைத்தாள். "சார், நாங்க பொய் சொன்னோம் சார். கார்டு போயிடும்னு பயந்து மறைச்சோம். எங்க ஊரு குப்பயத்தான் நான் கிளமான் வீதில கொண்டு போய்க் குடுத்தேன். மூணு கிலோவும் எங்களுதுதான் சார்!"

சின்னப்பொண்ணு தலையில் அடித்துக்கொண்டாள். வெற்றிவேல் மைக்கை அணைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "நம்பர் டெல்லிக்குப் போயிடுச்சும்மா."

"திரும்பக் கூப்புடுங்க சார்."

"அங்கேருந்து வெளிநாட்டு மாநாட்டுக்கே போயாச்சு. இனிமே மாத்தினா நாட்டோட மானம் போயிடும்."

"சரி சார், நம்பர் இருக்கட்டும். அந்த பேனர தூக்கிட்டு ஒரே ஒரு தரம் பின்னாடி பாருங்க."

அவர் பேனரைப் பார்த்தார். சிரிக்கிற குழந்தையைத்தான் பார்த்தார். "நாங்க அளக்கறது வீட்லேருந்து வர்ற குப்பை. வந்து சேந்த குப்பை எங்க ஆய்வு வரம்புல வராது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பின்னால் போன பாலாஜி மட்டும் ஒரு நொடி நின்றான். "டயப்பரப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்க்கா. என் கான்ட்ராக்ட் மார்ச் வரைக்குந்தான், வாயத் தொறந்தா அதுவும் போயிடும்" என்று முணுமுணுத்துவிட்டு ஓடினான். அத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

விழா முடிந்தபோது எழுநூறு காலித் தண்ணீர் பாட்டிலும் அறுநூறு காலிப் பிரியாணிப் பொட்டலமும் மிச்சம். எல்லாம் பேனருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தன. மறுவாரம் காற்றில் பேனர் கிழிந்து அதுவும் மேட்டின்மேல் விழுந்தது. வண்டி வரவேயில்லை. ஆபீசில் போய்க் கேட்டால், இந்த ஊர் கழிவற்ற ஊர் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது என்றார்கள். அவள் கையிலிருந்த சான்றிதழையே காட்டி அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அந்தப் புத்தி வந்தது. நல்ல புத்தி என்று சொல்ல முடியாது. மகளுக்கு ஏழாம் மாதம் பிறக்க நாலு நாள் இருந்தது. மேட்டை எடுக்க வழியில்லை, ஆனால் மேடு இல்லை என்பதற்கு அரசாங்கக் காகிதம் கையில் இருக்கிறது. சான்றிதழைப் புடவைத் தலைப்பால் துடைத்து, பையில் வைத்துக்கொண்டு லாஸ்பேட்டைக்குப் பஸ் ஏறினாள்.

பாலகுரு சட்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இரண்டு தரம் படித்தார். முத்திரைமேல் கட்டைவிரலை வைத்துத் தடவினார். அவர் முகத்தில் அப்படி ஒரு பக்தி.

"வட்ட முத்திர, கையெழுத்து, நம்பர், எல்லாம் கரெக்டா இருக்கு. கவர்மெண்ட்டே எழுதிக் குடுத்தப்புறம் நான் யாரு தங்கச்சி மறுத்துப் பேச?" என்றார். போனில் படம் பிடித்துக் குடும்ப குரூப்பில் போட்டார். "தாராளமா கூட்டிட்டுப் போ."

"சரிண்ணே" என்றாள் அஞ்சலாட்சி. குற்ற உணர்ச்சி உள்ளே குத்தத்தான் செய்தது. ஆனால் அடுத்த அறையிலிருந்து சுடர்விழி கேட்டுவிட்டு வெளியே ஓடிவந்து சிரித்த சிரிப்பில் அதை அமுக்கிவிட்டாள்.

வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டார்தான் அழைத்துவர வேண்டும் என்பது முறை, அதனால் பாலகுரு கூட வரவில்லை. இரண்டு கை நிறைய வளையலோடு ஆட்டோவிலிருந்து இறங்கிய சுடர்விழி மேட்டைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, முன்ன வுட ஒசரமா கீது?" என்றாள்.

"நீ உள்ள வா" என்றாள் தாய்.

பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். பழைய வலையும் தார்ப்பாயும் போட்டு மூடினார்கள். ஜன்னலை அடைத்தார்கள். எட்டு நாள் அஞ்சலாட்சி சொர்க்கத்தில் இருந்தாள். மகளுக்கு விரால் குழம்பு, சுறாப்புட்டு, தலைக்கு எண்ணெய் என்று ஒன்று விடவில்லை. பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எழுநூறு பாட்டிலிலும் அறுநூறு பொட்டலத்திலும் முன்மழையிலேயே நின்றிருந்த தண்ணீர் தளும்பியது, கொசு கூட்டமாகக் கிளம்பியது. வந்த பன்னிரண்டாம் நாள் சுடர்விழிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

கோரிமேடு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டெங்கு என்றார்கள். இரண்டு நாள் அஞ்சலாட்சி சாப்பிடவில்லை, வார்டு வாசலிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது, வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. லாஸ்பேட்டையிலிருந்து பாலகுருவும் வந்து நின்றார். டாக்டரம்மா ஒரு படிவத்தோடு வந்தாள். சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது.

"வீட்டுப் பக்கத்துல குப்பை, தேங்கின தண்ணி ஏதாவது இருக்கா?"

அஞ்சலாட்சி வாயைத் திறப்பதற்குள் பாலகுரு முந்திக்கொண்டார். "சான்ஸே இல்ல மேடம். கழிவற்ற குப்பம்னு கவர்மெண்ட் அவார்டு வாங்கின ஊரு. இதோ பாருங்க" என்று போனை நீட்டினார். குரலில் பெருமை வழிந்தது.

டாக்டரம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஓ, அப்ப அங்க இல்ல. லாஸ்பேட்டைல இருந்தப்பதான் கடிச்சிருக்கணும். மருந்தடிக்கற டீமை உங்க குவார்ட்டர்ஸ் பக்கம் அனுப்பச் சொல்றேன்" என்று பேனாவைத் திறந்தாள்.

கட்டிலில் சுடர்விழி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வளையல்கள் மணிக்கட்டில் தொளதொளத்துக் கிடந்தன. நான் பேசாமல் இருந்தால் இவளை மறுபடி என் வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று அஞ்சலாட்சி நினைத்தாள். மறுபடி அந்த மேட்டுக்குப் பக்கத்திலா என்றும் நினைத்தாள். அவளுக்கே அவள்மேல் அருவருப்பு வந்தது.

"இருக்கு டாக்டர்" என்றாள். "குப்பமேடு இருக்கு. எங்க வீட்டுச் சொவத்த ஒட்டி."

"எவ்வளவு பெருசு?"

இத்தனை மாதத்தில் அந்த மேட்டைப் பற்றி ஒருத்தர் அளவு கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் கையை உயர்த்திக் காட்டப் பார்த்தாள், கை எட்டவில்லை. "எங்க கூரைய வுட ஒசரம்" என்றாள்.

பாலகுரு சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. போனில் இருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "முத்திரைய நம்பினேன் தங்கச்சி" என்றார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, "டிஸ்சார்ஜ் ஆனதும் நேரா லாஸ்பேட்டைதான். பிரசவமும் அங்கதான். இனிமே இதப் பத்திப் பேச வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

"அழாதம்மா" என்றாள் சுடர்விழி, கண்ணைத் திறக்காமலே.

மறுநாள் காலை மகளின் துணிமணிகளை எடுக்க அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்தாள். தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. ஜேசிபி ஒன்று, வண்டி மூன்று, மாஸ்க் போட்ட ஆட்கள் பத்துப் பேர், புகை மருந்து அடிக்கிறவன் ஒருத்தன். சின்னப்பொண்ணு வாயைப் பிளந்துகொண்டு வாசலில் நின்றாள். மூன்று மனுவுக்கும் ஒரு விருதுக்கும் அசையாத மேடு, ஒரே ஒரு கொசுக்கடிக்கு இரண்டு மணி நேரத்தில் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் அட்டையில் செருகிய காகிதத்தோடு வந்தார். "பதினொரு டன்னும்மா! இவ்ளோ நாளா என்னா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"இது எந்தக் கணக்குல சார் வரும்? குப்பக் கணக்குலயா?"

"இல்லம்மா, கொசு ஒழிப்புல. குப்பக் கணக்குல உங்க ஊருக்குக் குப்பையே இல்லியே. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. வீட்ல கர்ப்பிணி இருக்காங்கன்னு போட்டிருக்கு, எங்க, உள்ள இருக்காங்களா?"

"இல்ல. மாமியார் வீட்டுக்குப் போவுது."

அவர் அதற்கு நேரே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார். வண்டிகளும் போயின. சுவரையொட்டிக் கழுவித் துடைத்த மாதிரி வெறும் மணல். அடைத்திருந்த ஜன்னலைச் சின்னப்பொண்ணு திறந்துவிட்டாள், கடல் காற்று நேராக உள்ளே வந்தது. "பாத்தியாடி, எவ்ளோ சுத்தம்! இனிமே உம் பொண்ண தாராளமா வச்சுக்கலாம்" என்றாள்.

அஞ்சலாட்சி சுடர்விழியின் நைட்டி இரண்டையும் கொடியிலிருந்து எடுத்து மடித்து, பிரசவத்துக்கென்று கிழித்து வைத்திருந்த பழைய பருத்திப் புடவைத் துண்டுகளை அவற்றின்மேல் வைத்து, லாஸ்பேட்டைக்குக் கொடுத்தனுப்பப் பையில் கட்டினாள்.